வேனுக்குக் கிடைத்த வெளிச்சம் வகுப்பறைக்கும் வேண்டும்

ஒவ்வொரு மே மாதமும், பள்ளிகள் திறப்பதற்கு முன்பு, தமிழ்நாட்டின் மாவட்டங்களில் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்களும் பஸ்களும் ஏதாவதொரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தப்படுகின்றன. போக்குவரத்து, வருவாய், காவல், கல்வி என நான்கு துறை அலுவலர்கள் வண்டி வண்டியாக ஏறி இறங்குகிறார்கள். அவசர வழிக் கதவு திறக்கிறதா, தரைப்பலகை உறுதியாக இருக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கிறதா, தீயணைப்பான் காலாவதியாகிவிட்டதா என்று பார்க்கிறார்கள். எத்தனை வண்டிகள் தேறின, எத்தனை வண்டிகள் திருப்பி அனுப்பப்பட்டன என்பது மறுநாள் நாளிதழ்களில் வந்துவிடுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்திலும் இதுதான் வழக்கம்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு குழந்தையின் மரணம் இருக்கிறது. 2012 ஜூலையில் சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில், பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து இறந்தாள். அந்த பஸ்ஸுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தகுதிச் சான்று தரப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கென்றே தனி விதிகள் வந்தன. அதுவரை ஓர் அலுவலக மேஜையில் முடிந்துபோன சான்று, அதன்பிறகு திறந்த மைதானத்துக்கு வந்தது.

அதே மாவட்டத்தின் வ.புதுப்பட்டியிலிருந்து பக்கத்து ஊர்ப் பள்ளிக்குத் தினமும் வேனில் போகும் குழந்தையின் பெற்றோருக்கு, அந்த வேனின் நிலை என்னவென்று ஓரளவு தெரிய வாய்ப்பிருக்கிறது. வேன் போய் நிற்கும் பள்ளியின் நிலையை எளிதாகத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை. கட்டடத்துக்கு உரிமம் இருக்கிறதா, எந்த ஆண்டு வரைக்கும் அங்கீகாரம், ஆசிரியர்களில் எத்தனை பேர் பயிற்சி பெற்றவர்கள், கடைசியாக வந்த ஆய்வு அலுவலர் என்ன குறை எழுதினார் என்ற எதுவும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. நுழைவாயில் ஃபிளெக்ஸில் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைகளின் படம் இருக்கும். பள்ளிப் பெயரோடு ‘இன்டர்நேஷனல்’ சேர்ந்திருக்கும். மழலையர் வகுப்பு மட்டும் நடக்கும் இடத்தில்கூட ‘சி.பி.எஸ்.இ. பேட்டர்ன்’ என்று எழுதியிருப்பதுண்டு. வாரியம் இணைப்பு கொடுத்த பள்ளிக்கும், வாரியத்தின் பாடப் புத்தகத்தை வாங்கி வைத்து நடத்தும் பள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் பெற்றோரிடம் விளக்குவதில்லை.

தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட சுயநிதிப் பள்ளிகள் இருக்கின்றன. இவற்றை ஆள விதிகள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2018-ல் இயற்றப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், விதிகளோடு 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே மெட்ரிக் பள்ளிகளுக்கான இயக்குநரகம் விரிவாகி, தனியார் பள்ளிகள் இயக்குநரகம் ஆகிவிட்டது. அங்கீகாரம் வேண்டுமென்றால் பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் சமர்ப்பிக்க வேண்டும்.

நிலத்துக்கும் அளவு உண்டு. சிட்டிபாபு குழுவின் பரிந்துரையை ஒட்டி 2004-ல் அரசாணை வந்தது. மாநகராட்சியில் 6 கிரவுண்டு, மாவட்டத் தலைநகரில் 8 கிரவுண்டு, நகராட்சியில் 10 கிரவுண்டு, பேரூராட்சியில் 1 ஏக்கர், கிராமத்தில் 3 ஏக்கர் என்று அது வரையறுத்தது. நகராட்சியாக இருக்கும் ராஜபாளையத்தில் 10 கிரவுண்டு, பேரூராட்சியான வ.புதுப்பட்டியில் 1 ஏக்கர் என்று கணக்கு. இடம் மலிவாகக் கிடைக்கும் ஊரில் பிள்ளைகள் ஓடி விளையாட இன்னும் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்ற எண்ணம் இதில் தெரிகிறது. நல்ல எண்ணம்தான். அது எந்தப் பள்ளியில் நிறைவேறியிருக்கிறது என்பதை வ.புதுப்பட்டிக்காரர் ஒருவர் எங்கே போய்ப் பார்ப்பார்?

கும்பகோணத்தைப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. 2004 ஜூலை 16 அன்று, காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் நடந்த பள்ளிகளில் சமையலறைத் தீ கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள் கருகி இறந்தார்கள். கீற்றுக் கொட்டகையின் கீழ் வகுப்பு, குறுகலான படிக்கட்டு, ஒரு முகவரியில் மூன்று பள்ளிகள் என்று அங்கே எதுவும் மறைவாக இல்லை. தெருவில் நடந்து போகிறவருக்கே தெரிந்திருக்கும். அந்தப் பள்ளிகளுக்கும் அலுவலகத்தில் கோப்பு இருந்தது, அதில் கையெழுத்துகளும் இருந்தன. பத்து ஆண்டுகள் கழித்து, 2014 ஜூலையில், தஞ்சாவூர் நீதிமன்றம் பள்ளி நிறுவனரோடு கல்வித் துறை அலுவலர்கள் சிலரையும் சேர்த்துத் தண்டித்தது. 2017-ல் மேல்முறையீட்டில் பலர் விடுவிக்கப்பட்டார்கள்.

அந்தத் தீயிலிருந்து நாடு முழுவதற்குமான ஒரு தீர்ப்பும் பிறந்தது. அவினாஷ் மெஹ்ரோத்ரா தொடுத்த பொதுநல வழக்கில், 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்றது. தேசியக் கட்டட விதித் தொகுப்பின்படி தீத்தடுப்பு வசதி இல்லாத பள்ளிக்கு அனுமதி தரக் கூடாது என்றும் உத்தரவிட்டது. தீர்ப்பு அவ்வளவு தெளிவாக இருந்தும், நடைமுறை ஆண்டுக்காண்டு நீட்டிப்பு என்ற பாதையில்தான் நடந்தது. நில வரையறையை எட்டாத 746 பள்ளிகளுக்குத் தற்காலிக அங்கீகாரம் கொடுத்து, 2016 மே வரை அது நீட்டிக்கப்பட்டது பழைய செய்தி. அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நடுத்தெருவில் விட முடியாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், தங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரிந்திருக்கும்? நீட்டிப்புக் கடிதம் அரசிடமிருந்து தாளாளருக்குப் போயிற்று. பெற்றோருக்குப் போகவில்லை.

இப்போதும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 2025 ஜனவரி 3 அன்று விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டியில், தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டி மூடி துருப்பிடித்து உடைந்து, உள்ளே விழுந்த எல்.கே.ஜி. குழந்தை இறந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்று மதுரை கே.கே. நகரில் ஒரு மழலையர் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து நான்கு வயதுக் குழந்தை இறந்தது. இரண்டும் பெரிய தொழில்நுட்பம் தேவைப்படும் பாதுகாப்புக் குறைகள் இல்லை. ஒரு மூடி சரியாக இருந்திருந்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை வளாகத்தைச் சுற்றி நடந்து, பார்த்ததை எழுதி, எழுதியதை வாசலில் ஒட்டும் வழக்கம் இருந்திருந்தால், பிள்ளையைக் கூட்டிப்போக வரும் ஏதாவதொரு தாய் அந்த மூடியைப் பற்றிக் கேட்டிருப்பார்.

பாதுகாப்பு இப்படியென்றால், படிப்பின் தரம் இன்னும் இருட்டில் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்கு இது நெருக்கமான விஷயம். பொதுத் தேர்வுத் தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முன்னணியில் நின்ற மாவட்டம் இது. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் தேர்ச்சி விகிதம் மட்டுமே தரம் என்று ஆனபோது என்ன நடந்தது என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல், இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை மனப்பாடம் செய்ய வைத்த பள்ளிகள் பல. ‘பிராய்லர் பள்ளி’ என்று மக்களே பெயர் வைத்தார்கள். ஊருக்கே தெரிந்த இந்த வழக்கம் எத்தனை ஆய்வு அறிக்கையில் பதிவானது? அதைத் தடுக்க அரசு 2017-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தது. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. மாணவர்களுக்குச் சுமை என்று 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. தேர்வு போனபிறகு, பதினோராம் வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டியது யார்? வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்து பார்க்கும் ஆய்வு அலுவலர்தான். அவர் என்ன பார்த்தார் என்பது வெளியே தெரிந்தால்தான் அந்தப் பொறுப்புக்கு எடை வரும்.

தரச் சான்று என்ற பெயரில் சில ஏற்பாடுகள் இந்தியாவில் ஏற்கெனவே உண்டு. இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் இயங்கும் ‘நாபெட்’ பள்ளிகளுக்குத் தரச் சான்று தருகிறது. விரும்பும் பள்ளி கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம், கட்டாயம் இல்லை. ஏற்கெனவே வசதியாக இருக்கும் பள்ளிக்கு அது இன்னொரு பதக்கம். மோசமான பள்ளி அந்தப் பக்கமே போகாது. மத்திய அரசின் ‘ஷாலா சித்தி’ 2015-ல் வந்தது. பள்ளி தன்னைத் தானே ஏழு துறைகளில் மதிப்பிட்டுக்கொள்ள, பிறகு வெளியாட்கள் வந்து சரிபார்ப்பது அதன் திட்டம். சி.பி.எஸ்.இ. வாரியமும் தன் பள்ளிகளுக்கு ஏழு தலைப்புகளில் ஒரு சுயமதிப்பீட்டு முறை வைத்திருக்கிறது. சுயமதிப்பீடு நல்ல பயிற்சிதான். ஆனால் தனக்குத் தானே மதிப்பெண் போட்ட பள்ளியின் தாளை மட்டும் நம்பி ஒரு குடும்பம் ஆண்டுச் சேமிப்பைக் கட்டணமாகக் கட்ட முடியாது.

இவற்றையெல்லாம்விடப் பயனுள்ளது சி.பி.எஸ்.இ.யின் இன்னொரு சாதாரண விதி. அதன் இணைப்புப் பள்ளிகள் ஒரே வகைப் படிவத்தில் சில தகவல்களைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட்டே ஆக வேண்டும். இணைப்புக் கடிதம், கட்டடப் பாதுகாப்புச் சான்று, தீயணைப்புச் சான்று, குடிநீர் மற்றும் சுகாதாரச் சான்று, கட்டண விவரம், கடந்த மூன்று ஆண்டுத் தேர்வு முடிவு, ஆசிரியர் எண்ணிக்கை, வளாகத்தின் பரப்பு எல்லாம் அதில் அடங்கும். எல்லாப் பள்ளிகளும் ஒழுங்காகச் செய்கின்றன என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது. மாநில வாரியத்தின் கீழ் இருக்கும் மெட்ரிக் பள்ளிகளிலும் நர்சரி பிரைமரி பள்ளிகளிலும் இப்படியொரு வெளியீட்டு வழக்கம் வேரூன்றவில்லை. வத்திராயிருப்பு வட்டாரத்தின் சாதாரணக் குடும்பங்களின் பிள்ளைகள் போவது பெரும்பாலும் இந்த வகைப் பள்ளிகளுக்குத்தான்.

2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிகளை நடத்தும் துறையும் மதிப்பிடும் அமைப்பும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று சொல்லி, மாநிலந்தோறும் பள்ளித் தர ஆணையம் ஒன்றைப் பரிந்துரைத்தது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. மொழி முதல் நிதி வரை அதற்கான காரணங்கள் பல. அவற்றை இங்கே அலச இடமில்லை. ஆனால் அங்கீகாரம் கொடுக்கிற கையே பள்ளியின் தரத்தையும் ஆய்ந்து, தன் முடிவைத் தானே சரியென்று சொல்வது பொருத்தமில்லை என்பதை ஒப்புக்கொள்ள எந்தக் கொள்கை ஆவணமும் தேவையில்லை. மாநிலம் தன் சட்டத்தின் கீழேயே, தன் விருப்பப்படி, தனி ஆய்வுப் பிரிவு ஒன்றை அமைத்துக்கொள்ளலாம்.

தனி அமைப்பு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதும் ஆபத்து. கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் ‘நாக்’ 1994-லிருந்து இருக்கிறது. கிருஷ்ணன்கோவில், ராஜபாளையம் பக்கம் கல்லூரி தேடும் பிளஸ் டூ மாணவிகூட ‘நாக் கிரேடு என்ன’ என்று கேட்கும் அளவுக்கு அது பரவியிருக்கிறது. ஆனால் 2025 பிப்ரவரியில், ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரம் தருவதற்கு லஞ்சம் வாங்கியதாக, ஆய்வுக்குப் போன நாக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சி.பி.ஐ. கைது செய்தது. ஓர் எழுத்துக்கும் இரண்டு கூட்டல் குறிக்கும் சந்தையில் விலை வந்துவிட்டால், அந்த விலையைக் கொடுத்து வாங்க ஆள் கிளம்புவார்கள். பள்ளிகளுக்கும் அதே மாதிரி எழுத்துத் தரவரிசை கொண்டுவந்தால், வாசல் ஃபிளெக்ஸில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் அந்த எழுத்தும் ஏறும். அதற்கான ஏற்பாடுகளும் கூடவே வரும்.

இங்கிலாந்தின் அனுபவம் இதில் கவனிக்கத்தக்கது. அங்கே தனியார் பள்ளிகளுக்கு அரசு வகுத்த தர நிர்ணயங்கள் உண்டு. தனியார் பள்ளிகள் ஆய்வகமோ, ‘ஆஃப்ஸ்டெட்’ என்ற அரசு ஆய்வு அமைப்போ போய்ப் பார்க்கிறது. அறிக்கை முழுவதும் இணையத்தில் வருகிறது. குழந்தையைச் சேர்க்க நினைக்கும் எவரும் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் ஆஃப்ஸ்டெட் ஒரு பள்ளியை ஒற்றைச் சொல்லில் தரம் பிரித்த முறை பெரும் துயரத்தில் முடிந்தது. ரெடிங் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியின் தரம் ஒரேயடியாகக் கீழே இறக்கப்பட்டதை அடுத்து, அதன் தலைமையாசிரியை 2023 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வும் அவருடைய மரணத்துக்கு ஒரு காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு ஒற்றைச் சொல் தரம் கைவிடப்பட்டது. அறிக்கை வெளியாவது தொடர்கிறது. பார்த்ததை விவரமாக எழுதி வெளியிடலாம், ஒரு முத்திரையில் ஒரு பள்ளியின் தலையெழுத்தை அடக்க வேண்டியதில்லை என்பது அந்த நாடு பெரிய விலை கொடுத்துக் கற்றது.

ஊரே பள்ளியைக் கேள்வி கேட்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலா, மகமைப் பணத்திலும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியிலும் வளர்ந்தது. காமராஜர் படித்த பள்ளி அது. தினமும் அரிசிப் பானையிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்த வீட்டுக்காரருக்கு, அந்தப் பள்ளியைப் பற்றிக் கேட்கும் உரிமை தானாக வந்தது. பிற்காலத்தில் காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958-லிருந்து ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. எந்தப் பள்ளிக்குக் கூரை இல்லை, எதற்கு பெஞ்சு இல்லை, கரும்பலகை இல்லை என்ற பட்டியல் மக்கள் முன்னால் வைக்கப்பட்டது. குறை வெளியே தெரிவது பள்ளிக்கு அவமானம் என்று அந்தத் தலைமுறை நினைக்கவில்லை. குறை தெரிந்ததால்தான் கொடுக்க ஆள் வந்தார்கள்.

இன்று அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர்தான் பெரும்பான்மை. கூட்டத்தில் கழிப்பறையைப் பற்றிக் கேட்கலாம், பேசியது பதிவாகும். அந்தக் குழுவைக் கட்டாயமாக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சுயநிதிப் பள்ளிகளுக்குப் பொருந்தாது. கட்டணம் கட்டுகிற பெற்றோருக்கு, கட்டணம் இல்லாமல் பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு உள்ள உரிமைகூடச் சட்டத்தில் இல்லை. அதே சட்டத்தின்படி, தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களில் சேரும் ஏழைக் குழந்தைகளுக்காக இந்தப் பள்ளிகளுக்கு அரசுப் பணமும் போகிறது. ஆகவே, இது தாளாளருக்கும் துறைக்கும் இடையில் முடியும் தனி விவகாரம் இல்லை.

தாளாளர்கள் தரப்பிலும் கேட்க வேண்டிய நியாயம் இருக்கிறது. சிற்றூரில் நூற்றைம்பது பிள்ளைகளோடு நர்சரி பள்ளி நடத்துகிறவருக்குச் சென்னைப் பள்ளியின் வருமானம் கிடையாது. ஒவ்வொரு சான்றுக்கும் ஒவ்வோர் அலுவலகம், ஒவ்வோர் அலுவலகத்துக்கும் பல நடை. பல இடங்களில் பணம் கைமாறாவிட்டால் கோப்பு நகராது என்ற வருத்தம் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. புதிதாக ஒரு தரச் சான்று என்றால், இன்னொரு வாசலில் நிற்க வேண்டுமே என்று அவர்கள் பயப்படுவது இயல்பு. அரசுப் பள்ளியில் அதே குறை இருந்தால் யாரும் பூட்டுப் போடுவதில்லையே என்ற கேள்வியும் சரியானது. வெளியிடும் விதி இரண்டுக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கோப்பை வெளியில் வைப்பது நேர்மையான சிறிய பள்ளிக்குத்தான் முதலில் உதவும். எல்லாச் சான்றும் முறையாக இருந்தும் தன் பெயர் பின்தங்க, ஃபிளெக்ஸ் பெரிதாக வைத்த பக்கத்துப் பள்ளிக்குக் கூட்டம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். பெற்றோர் கேட்கும் ஆவணம் மேஜையில் இல்லாமல் பொதுவில் கிடந்தால், அதை நகர்த்தக் காசு கேட்பதும் கடினம்.

செய்ய வேண்டியதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. மாவட்டக் கல்வி அலுவலரிடம் இருக்கும் கோப்பில் நான்கு சான்றுகளும், அங்கீகார ஆணையும், கடைசி ஆய்வுக் குறிப்பும் இருக்கின்றன. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போட்டால், அரசிடம் இருக்கும் இந்த ஆவணங்களை யாரும் கேட்டுப் பெற முடியும். முப்பது நாள் காத்திருந்து ஒருவருக்கு மட்டும் கொடுப்பதை, எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் தமிழில் இரண்டு பக்கம் போதும். எந்த நாள் வரை அங்கீகாரம், எந்த வகுப்பு வரை, நிலம் எவ்வளவு, ஒவ்வொரு சான்றும் எப்போது காலாவதியாகிறது, ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், இதே பள்ளியில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் எத்தனை பேர், ஆய்வில் கண்ட குறை என்ன, சரிசெய்யக் கொடுத்த கெடு எது என்பவை அதில் இருக்க வேண்டும். ஆசிரியர்கள் எவ்வளவு காலம் தங்குகிறார்கள் என்பதை வலியுறுத்திக் கேட்க வேண்டும். சம்பளம் போதாமல் ஆண்டுக்கொரு முறை ஆசிரியர் மாறும் பள்ளியில், எந்தப் பாடத்திட்டம் வந்தாலும் பிள்ளைக்குப் பிடிமானம் கிடைக்காது.

குறைகளையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். திறந்த தொட்டி, உடைந்த மூடி, பூட்டிய அவசர வழி போன்றவற்றுக்குக் கெடு என்ற பேச்சே கூடாது. அன்றைக்கே சரிசெய்யாவிட்டால் அந்தப் பகுதியை மூட வேண்டும். நூலகம், ஆய்வகம், விளையாட்டு இடம் போன்றவற்றுக்கு ஓராண்டோ இரண்டாண்டோ கொடுக்கலாம். கொடுத்த தேதி வாசலில் இருக்க வேண்டும், நீட்டித்தால் நீட்டித்த காரணத்தோடு இருக்க வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தில் இதை அடுத்த சேர்க்கைக் காலத்துக்குள் தொடங்க முடியும். ஆய்வுக் குழுவில் பக்கத்து ஒன்றியத்தின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர், வேறு பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோர் ஒருவர் என்று சேர்த்துக்கொள்ளலாம். எந்தப் பள்ளிக்கு யார் போவது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யலாம். அறிக்கையின் ஒரு படி பள்ளி வாசலிலும், ஒரு படி வ.புதுப்பட்டி பேரூராட்சி அலுவலகப் பலகையிலும், இன்னொன்று மாவட்ட இணையதளத்திலும் இருக்கட்டும். மே மாதத்தில் வேன்களைப் பார்க்க மைதானத்துக்கு வரும் கல்வித் துறை அலுவலர், அதே வாரத்தில் அந்த வேனின் பள்ளிக்கும் போய்வரலாம்.